காலுறை நிற்கும் இடம்

ஸ்கேனரில் இருந்தது வெய்யோவின் இடது கால்.
வலது இல்லை; அதற்காகத்தான் வந்திருந்தார்.
இடதைக் கண்ணாடிக்குக் காட்டியதுபோல் திருப்பினேன்,
வலதாயிற்று.
அது ஒரு நொடி.
மிச்சம் பதினோரு நாள்.

உலோகக் குழாய்க்கு மேலே மாட்டும் உறை இது.
எடை தாங்காது, நடக்க உதவாது,
கால்சட்டைக்குள் வெறும் காற்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.
கருநீலம் கேட்டிருந்தார், பளபளவென்று.
பளபள என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
மங்கல் சாயம் மன்னித்துவிடும்.
இது காட்டிக்கொடுக்கும்.

ஒரு லட்சம் முக்கோணங்கள்.
ரோமம், நடுக்கம், நடுவில் அவர் தும்மிய தும்மல்,
எல்லாமே மேடும் குழியுமாய்.
அதன்மேல் ஒரு பரப்பை விரித்தேன், பாலாடைபோல்.
எங்கே விலகியதோ அங்கே ஒரு புள்ளி சேர்த்தேன்,
இன்னொன்று, இன்னொன்று.
நாற்பதானதும் பரப்பு சிலிர்த்துக்கொண்டது,
உதவ வந்த நாற்பது பேரும்
ஒரே மேசையைத் தூக்கியதுபோல்.

அழித்தேன்.
ஆறுக்கு நாலு, இருபத்துநாலே புள்ளி.
ஒரு கெண்டைக்காலுக்கு அது போதும் என்று
ஏழு வருஷமாய்த் தெரியும்.
ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறது.

முன்னெலும்பின் மேல் இரண்டு துண்டுகள் சேருமிடம்.
தொட்டுக்கொண்டன; போதாது.
ஒரே திசையில் கிளம்பின; அதுவும் போதாது.
திரையில் வரிக்குதிரைக் கோடுகளை ஓடவிட்டேன்:
ஒவ்வொன்றும் அங்கே முட்டி, மடங்கி,
மறுபக்கம் போயிற்று.
"மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு" என்றாள் இங்கெரி,
மேல்கோட்டை மாட்டிக்கொண்டே.
"யார் பார்க்கப்போகிறார்கள்?"
"விளக்கு."
மூன்றரைக்கே இருட்டிவிட்டிருந்தது.
தம்பெரேயில் நவம்பர் அப்படித்தான்,
பார்ப்பதற்கு விளக்குகளைத் தவிர ஆளில்லை.

அளவு பார்க்க வந்தவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
டிராம் ஓட்டுபவர்.
தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"நேர்த்தடத்திலிருந்து சடாரென்று வளைவுக்குள் போனால்
நிற்கிறவர்கள் விழுவார்கள்.
அதனால் கொஞ்சம் கொஞ்சமாய் வளையவிடுவார்கள்.
இங்கே" என்று விரல் வைத்தார்,
"என் பயணிகள் விழுகிறார்கள்."

சரியாக அதே இடம்.

விளிம்பிலிருந்து மூன்றாம் வரிசைப் புள்ளிகள்.
அதுவரை அவற்றை நான் தொடவேயில்லை.
அம்புக்குறியைத் தட்டித் தட்டி,
தூங்குகிற பூனையைப் படுக்கையில் நகர்த்துவதுபோல்.
வளைவுச் சீப்பின் பற்கள் ஒவ்வொன்றாய்ப் படிந்தன.
சனிக்கிழமை காலை, கோடுகள்
முழங்காலிலிருந்து கணுக்கால் வரை
ஒரே மூச்சில் இறங்கின.
எழுந்து போய்க் காப்பி குடித்தேன்.
திரும்பி வந்தபோதும் இறங்கிக்கொண்டிருந்தன.

அச்சிட்டு, தேய்த்து, சாயம் பூசி,
மாட்டிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் ஃபோன்.
"அருமையாக இருக்கிறது. ஆனால்
சாக்ஸ் நிற்க மாட்டேனென்கிறது.
மூன்றாவது நிறுத்தத்துக்குள் கணுக்காலுக்கு வந்துவிடுகிறது.
குனிந்து இழுத்தால் பின்னாலிருக்கிறவர்கள்
எனக்கு என்னவோ ஆயிற்று என்று பயப்படுகிறார்கள்."

சிரித்தேன்.
அப்புறம் சிரிக்கவில்லை.

கெண்டைக்குக் கீழே, சுற்றிலும், ஒரு வரப்பு.
முக்கால் மில்லிமீட்டர்.
எலாஸ்டிக் உட்கார அது போதும்.
கோடுகள் அதில் ஏறின, தடுக்கின, விழுந்து எழுந்தன.
மேலேயும் கீழேயும் இழைத்துக் கலந்துவிடக் கை பரபரத்தது.
கலந்தால் சாக்ஸுக்குப் பிடி கிடைக்காது.
விளிம்பைக் கூராகவே விட்டேன்.

புது உறையைத் தடவிப் பார்த்தார் வெய்யோ,
கட்டைவிரல் வரப்பில் நின்றது.
"நிறுத்தம்" என்றார்.
சாக்ஸை ஏற்றிவிட்டு,
ஐந்து இருபதுக்கு முறை இருப்பதாய்க் கிளம்பிவிட்டார்.

கோப்பின் பெயர்: வெய்யோ, இறுதி, நாலு.
மூன்றை நான் அழிக்கவில்லை.
வேலையில்லாத மதியங்களில் திறந்து
அதன்மேல் விளக்கை மட்டும்
மெதுவாய் நகர்த்திப் பார்ப்பதுண்டு.